இலையா, எலையா? எழுத்தும் ஒலியும் சேரும் இடம்

ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். விரல் முதல் வரியில் இருக்கிறது, வாய் மூன்றாம் வரிக்குப் போய்விட்டது. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தாலும் வாசிப்பு நிற்காது. அதே பாடத்தில் வரும் 'மரம்' என்ற சொல்லைக் கரும்பலகையில் தனியாக எழுதிக் கேட்டால் திருதிருவென்று விழிப்பான். தொடக்கப் பள்ளியில் கொஞ்ச நாள் வேலை பார்த்த எவருக்கும் இந்தப் பையனைத் தெரியும். அவன் மக்கு இல்லை. அ முதல் ஃ வரை தப்பில்லாமல் சொல்வான், பார்த்து அழகாக எழுதுவான். பலகையில் இருக்கும் வடிவம் தன் வாயிலிருந்து வரும் ஒலிக்குத்தான் அடையாளம் என்பது மட்டும் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இதற்கு மருந்து 'ஃபோனிக்ஸ்' என்று இப்போது சிற்றூர்களில்கூடப் பலகை தொங்குகிறது. எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒலியைச் சொல்லிக்கொடு, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்கு என்பதுதான் அதன் சாரம். ஆங்கிலத்துக்கு அது அவசியம். அங்கே எழுத்து 26, ஒலி ஏறத்தாழ 44. 'எச்' என்ற எழுத்தின் பெயருக்குள் 'ஹ' என்ற ஒலியே கிடையாது. 'டபிள்யூ'வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முழுச் சொல்லையும் படம்போல மனத்தில் பதிய வைப்பதா, ஒலி ஒலியாகக் கூட்டுவதா என்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு ஒலிவழிக் கற்பித்தலின் பக்கம் நின்றது. 2006இல் ஜிம் ரோஸ் அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்தும் அந்தப் பக்கம் வந்தது. அந்தச் சண்டை ஓரளவு முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

ஆனால் அந்த மருந்துச் சீட்டை அப்படியே தமிழுக்கு எழுதிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து சொல்லுக்குச் சொல் வேறு ஒலி தருவதுதான் சிக்கல். தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அதனாலேயே 'தமிழ் வாசிக்க எளிது, எழுதியதைப் படித்தால் போதும்' என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போகிறோம். ஐந்து வயதுக் குழந்தைக்கு எங்கே தடுக்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், தடுக்கும் இடங்களே வேறு.

முதலில் 'இ – இலை'. தமிழ்நாட்டில் அச்சாகும் அரிச்சுவடிகளில் பெரும்பாலானவற்றில் இதுதான் இருக்கும். பச்சை இலை ஒன்று, பக்கத்தில் பெரிதாக இ. குழந்தை வீட்டில் அதை என்னவென்று சொல்கிறது? 'எலை'. வாழ எலை, வெத்தல, கறிவேப்பல. 'இலை' என்று ஒரு நாளும் காதில் விழுந்ததில்லை. படத்தைக் காட்டி, இது எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று கேட்டால் குழந்தை எ என்ற எழுத்தைத் தொடுகிறது. 'தப்பு' என்கிறோம். குழந்தை காதால் கேட்டதைத்தான் சரியாகச் சொன்னது. ஒலியைக் கவனி, அதற்குரிய எழுத்தைச் சொல் என்று நாம் கேட்ட வேலையைத்தான் அது செய்தது. அதற்குப் பரிசு ஒரு குட்டு.

அடுத்த பக்கத்தில் 'உ – உரல்'. முதல் சிக்கல், இப்போது எந்தக் குழந்தை உரலைப் பார்த்திருக்கிறது? பார்த்திருந்தாலும் அது 'ஒரல்'. இரண்டு பக்கம் தள்ளி 'ஒ – ஒட்டகம்'. ஆக உரலும் ஒட்டகமும் குழந்தையின் காதுக்கு ஒரே ஒலியில் தொடங்குகின்றன, புத்தகமோ இரண்டு எழுத்து காட்டுகிறது. இது பேச்சுக் கொச்சை, திருத்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் குறில் இ அல்லது உ வந்து, அடுத்த எழுத்து ஒற்றையாக அகரமோ ஐகாரமோ ஏறி வந்தால், பேச்சில் இ எ ஆகும், உ ஒ ஆகும். இடம் எடம், இறகு எறகு, உலகம் ஒலகம், உதடு ஒதடு. இந்த அமைப்பு இல்லாத சொற்கள் மாறுவதே இல்லை. இட்லி, இஞ்சி, இடுப்பு, இடி. உப்பு, உருண்டை, உண்டியல். இவை வீட்டிலும் இ, உ என்றுதான் ஒலிக்கும். அரிச்சுவடி தயாரிக்கிறவர்கள் இதை மட்டும் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுத்தால் போதும், குழந்தையின் காதும் புத்தகமும் முதல் வாரத்திலேயே மோதிக்கொள்ளத் தேவையில்லை. இலைக்குப் பதில் இட்லி படம் போடுவதில் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. 'இலையை எலை என்று சொல்கிறோம், எழுதும்போது இ போடுகிறோம்' என்பதை இரண்டு மாதம் கழித்து, எழுத்துகள் கைவசம் வந்த பிறகு சொன்னால் குழந்தை சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளும்.

'ஔ – ஔவையார்' கதையும் இதேதான். காதில் விழுவது 'அவ்வையார்'. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது ஐ, ஔ இரண்டையும் அய், அவ் என்று எழுதினார். 1978இல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டபோது ணா, றா, னா, ணை, லை போன்ற 13 எழுத்துகளின் வடிவத்தை மட்டும் ஏற்றுக்கொண்டது, இந்த இரண்டையும் விட்டுவிட்டது. யானைத் துதிக்கைபோல வளைந்த பழைய ஐகாரக் குறியிலிருந்து அன்றுமுதல் ஒன்றாம் வகுப்புக்கு விடுதலை கிடைத்தது. இலக்கணப் புலவர்களுக்கு மனவருத்தம் இருந்திருக்கலாம். பிள்ளைகளுக்கு நாலு வடிவம் மிச்சம்.

ஔவையாரை எடுத்த எடுப்பில் விட்டுவிட மனமில்லை. ஆத்திசூடியை நாம் நீதிநூலாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அது எழுத்தறிமுக நூலும்கூட. அறம் செய விரும்பு, ஆறுவது சினம் என்று உயிர் வரிசை முடிந்ததும் மெய் வரிசை தொடங்குகிறது: கண்டொன்று சொல்லேல், ஙப்போல் வளை, சனி நீராடு, ஞயம்பட உரை. அடுத்து ட வர வேண்டும். தமிழில் ட சொல்லுக்கு முதலில் வராது. என்ன செய்கிறார்? 'இடம்பட வீடு எடேல்' என்று டகரத்தை இரண்டாம் எழுத்தாக வைத்துவிடுகிறார். ணகரத்துக்கு 'இணக்கம் அறிந்து இணங்கு'. ழகரத்துக்கு 'அழகலாதன செயேல்'. மேடைதோறும் முழங்கும் 'இளமையில் கல்' உண்மையில் ளகரத்துக்கான வரி. சொல்லுக்கு முதலில் வராத ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டுக்கும் இதே உத்திதான். இன்றைய சுவர்ப்படங்கள் இந்த இடத்தில் தடுமாறுகின்றன. 'ல – லட்டு', 'ர – ரம்பம்' என்று சமாளிப்பவர்கள், ணகரம் வந்ததும் கண்ணையோ மணியையோ வரைந்துவிடுகிறார்கள். படத்தின் முதல் ஒலிதான் எழுத்து என்று அதுவரை பழகிய குழந்தை கண்ணைப் பார்த்து 'க' என்கிறது. 'இதில் முதல் ஒலியைக் கேட்காதே, கடைசியில் வருவதைக் கேள்' என்று ஆசிரியர் வாயால் சொல்ல வேண்டும். சொல்வதில்லை, படம் தானே பேசும் என்று விட்டுவிடுகிறோம்.

அடுத்தது மெய்யெழுத்தின் பெயர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆனா, ஆவன்னா என்று இழுத்துப் படித்த பாட்டன்மார்களின் முறையைக் கேலி செய்கிறோம். நாமும் க் என்பதற்கு 'இக்' என்றும், ல் என்பதற்கு 'இல்' என்றும்தான் சொல்லிக்கொடுக்கிறோம். முன்னால் ஓர் இகரம் ஒட்டாமல் மெய்யைத் தனியே சொல்ல வாய் வராது என்பது காரணம். விளைவு, 'பல்' என்ற சொல்லைக் கூட்டி வாசிக்கும் பிள்ளை 'ப... இல்' என்கிறது. எத்தனை முறை வேகமாகச் சொன்னாலும் 'பயில்' வருமே தவிரப் பல் வராது. இதற்கு எளிய வழி உண்டு. ம், ன், ல், ர், ழ் போன்ற மெல்லினமும் இடையினமும் நீட்டிப் பிடிக்கக் கூடிய ஒலிகள். 'பல்ல்ல்', 'மண்ண்ண்' என்று கடைசி ஒலியை இழுத்துக் காட்டலாம், நாக்கு எங்கே நிற்கிறது என்று தொட்டுக் காட்டச் சொல்லலாம். வல்லின மெய்கள் வெடித்து அடங்குபவை, அவற்றை இழுக்க முடியாது. ஆகவே மெய்யை மெல்லினத்திலும் இடையினத்திலும் தொடங்கி, க், ச், ட், த், ப், ற் ஆறையும் பின்னால் வைத்துக்கொள்வது நல்லது. நம் வரிசையோ 'இக்'கில் தொடங்குகிறது.

புள்ளி வைத்த எழுத்தே குழந்தைக்குக் கடினம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'பள்ளி' என்ற சொல்லுக்குக் கை தட்டச் சொன்னால் எந்தக் குழந்தையும் இரண்டு தட்டுத் தட்டும்: பள், ளி. எழுதும்போது மூன்று எழுத்து. காது இரண்டாகக் கேட்டதை மூன்றாகப் பிரிக்கத் தெரியாத பருவத்தில் அது 'பளி' என்றுதான் எழுதும். பாட்டு 'பாடு' ஆகும், அம்மா 'அமா' ஆவாள். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழிப்பதற்கு முன், ஒலியை அவ்வளவு பொடியாக நறுக்கிக் கேட்பது இயல்பாக வரும் திறமையே அல்ல என்பதை நினைத்துக்கொள்ளலாம். 1979இல் மோரைஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் போர்ச்சுகலில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம், ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லக் கேட்டார்கள். அவர்களால் முடியவில்லை. வயதான பிறகு படிக்கக் கற்றுக்கொண்டவர்களால் முடிந்தது. மெய்யொலியைத் தனியே கேட்கும் காது, எழுத்தோடு சேர்ந்துதான் வளர்கிறது. இதில் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்தியில் இரண்டு மெய் சேர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகவோ பாதியாகவோ ஒட்டிக்கொள்ளும். நமக்கு அப்படி இல்லை, தலையில் புள்ளியோடு ள் தனியாக நிற்கிறது. 'பளி'க்கும் 'பள்ளி'க்கும் நடுவில் ஒரு தீக்குச்சியையோ புளியங்கொட்டையையோ வைத்து, 'இங்கே ஒன்று ஒளிந்திருக்கிறது, கேள்' என்று காட்டிவிட முடியும்.

247 என்ற எண்ணைக் கேட்டுப் பெற்றோர் மலைப்பது உண்டு. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், 216 உயிர்மெய். எல்லாவற்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒரு காலோ கொம்போ தெரிந்தால் 18 எழுத்து ஒரே வீச்சில் வந்துவிடும் என்பது உண்மைதான். எல்லாக் குறியும் அப்படி நல்ல பிள்ளையாக நடந்துகொள்வதில்லை. உகர வரிசையைப் பாருங்கள்: கு, து, பு, மு நான்கும் நான்கு விதமாக வளைகின்றன. கூ, தூ, பூ, மூ இன்னும் மோசம். இந்த வரிசைகளைச் சீராக்க வேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி நெடுநாள் வலியுறுத்திவந்தார். எதிர்ப்பும் பலமாக இருந்தது, எழுத்து மாறவில்லை. இன்னொரு சங்கடம் கொம்பு. 'கெ' என்பதில் முதலில் வரும் ஒலி க், பிறகு எ. கண்ணுக்கு முதலில் தெரிவதோ எகரத்தின் கொம்பு. எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு வரிசையிலும் இதே நிலை, அதாவது 216இல் சரிபாதி, 108 எழுத்து. இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்த அதே வாயால் 'இதை மட்டும் பின்னால் சொல்' என்கிறோம். கெ, கே இரண்டுக்கும் தனித்தனிக் கொம்பு இருப்பதே வீரமாமுனிவர் புண்ணியம். அதற்கு முன்பு ஏடுகளில் குறிலா நெடிலா என்பதை இடம் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு பிள்ளை இரண்டாம் வகுப்பு முடிவில் உயிர்மெய்யில் தடுமாறினால் பதற வேண்டாம். நம் எழுத்தின் உறவுக்கார எழுத்தான கன்னடத்தில் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே குழந்தைகள் எழுத்துத் தொகுதியைக் கைவசமாக்குவது நான்காம் வகுப்பு வரை நீள்கிறது என்று காட்டியது. 26 எழுத்துக்காரர்களின் கால அட்டவணையை வைத்து 247 எழுத்துக்காரரை அளக்கக் கூடாது.

க ஒன்றே, ஒலி மூன்று என்பது தமிழ்க் குழந்தைக்குத் தொல்லையே இல்லை. கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒலி வேறு என்பது பெரியவர்களுக்கே சொன்னால்தான் தெரியும். எந்த இடத்தில் எந்த ஒலி என்பதைப் பேச்சு முன்பே பழக்கிவிட்டது. ஆங்கிலச் சொற்கள் நுழையும்போதுதான் குழப்பம். 'கேஸ் போட்டாச்சு' என்றால் வழக்கா சிலிண்டரா? சிங்கப்பூரிலும் லண்டனிலும் வீட்டில் ஆங்கிலமே பேசிவிட்டுத் தமிழ் வகுப்புக்கு வரும் குழந்தைக்கு நிலைமை நேர்மாறு. அதன் காதில் தமிழ் முன்கூட்டியே இல்லை. 'பகல்' என்பதை 'பக்கல்' என்றே வாசிக்கும். அந்தக் குழந்தைக்கு எழுத்துக்கு முன் பாட்டும் கதையும் பேச்சும் வேண்டும். அவை இல்லாமல் எழுத்தட்டையை நீட்டுவது வீண்.

ண, ன, ந மற்றும் ல, ள, ழ, அப்புறம் ர, ற பற்றிச் சண்டை போடாத தமிழாசிரியர் இல்லை. யாழ்ப்பாணத்திலும் குமரி மாவட்டத்திலும் 'காற்று' என்பதில் றகரம் தனி ஒலியாகவே கேட்கும். மதுரைப் பிள்ளைக்கு அது 'காத்து'. மரமும் மறதியும் அவன் காதுக்கு ஒரே ரகரம்தான். காதில் இல்லாத வேறுபாட்டை ஒலிப் பயிற்சியால் கொண்டுவருவது கடினம், அதைச் சொல்லோடு சொல்லாகப் பார்த்துப் பழக வேண்டும். ஒன்றாம் வகுப்பில் இதற்காக மதிப்பெண் குறைப்பது எனக்கு உடன்பாடில்லை. குறில் நெடில் அப்படி இல்லை. கல்–கால், விடு–வீடு, முடி–மூடி, எடு–ஏடு, கொடு–கோடு என்று பேச்சிலேயே பொருள் மாறுகிறது. அங்கே முழு மூச்சாக உழைக்கலாம்.

வரிசை விஷயம். ஆங்கிலத்தில் ஒலிவழி கற்பிப்பவர்கள் ஏ, பி, சி என்று தொடங்குவதில்லை. எஸ், ஏ, டி, ஐ, பி, என் (s, a, t, i, p, n) என்ற ஆறை முதலில் எடுக்கிறார்கள், அந்த ஆறில் ஏராளமான சின்னச் சொற்கள் அமைவதால். அந்த யோசனையைக் கடன் வாங்கலாம். ட, ப, ம, ம் நான்கு இருந்தால் படம், மடம் வந்துவிடும். ட் சேர்த்தால் பட்டம், மட்டம். ர சேர்த்தால் மரம், ரம்பம். கால் போட்டால் பாட்டம், மாடம், பாரம். எழுதவும் ட, ப நேர்கோட்டு வடிவங்கள். பல ஆசிரியர்கள் யாரும் சொல்லாமலே இப்படித் தொடங்குகிறார்கள். அ, ஆ வரிசையைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டு போகட்டும், அகராதி பார்க்க அது தேவைப்படும். வாசிப்புக்கு அந்த வரிசை உதவாது.

பள்ளி மூடிக் கிடந்த கொரோனா ஆண்டுகள் இதையெல்லாம் அவசரமாக்கின. ஊரகக் குழந்தைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் 'அசர்' ஆய்வில், மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நாடு முழுவதும் 2018இல் 27.3 விழுக்காடு, 2022இல் 20.5. தமிழ்நாட்டில் 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் தொடங்கி, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது சரியான வழி. அரும்பில் இருக்கும் பிள்ளை எதில் தடுக்கி அரும்பில் நிற்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. அதை ஆசிரியர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2012 முதல் நடக்கும் ஒலிச் சோதனையில் 40 சொற்களில் பாதி, அர்த்தமே இல்லாத பொய்ச் சொற்கள். படத்தைப் பார்த்து ஊகிக்கவோ நெட்டுருவை ஒப்பிக்கவோ வழியில்லாமல் செய்வதற்காக. இதைத் தமிழில் எந்த வீட்டிலும் காசில்லாமல் செய்துவிடலாம். 'கீபல்' என்று ஒரு தாளில் எழுதி, 'இது வேற்றுக்கிரகத்துப் பூனையின் பெயர், வாசி' என்று கொடுங்கள். 'கிபல்' என்று வாசித்தால் நெடில் குறி இன்னும் பதியவில்லை. 'பீகல்' என்றால் எழுத்து தெரிகிறது, இடமிருந்து வலம் போகும் வரிசை நிலைக்கவில்லை. 'கீபலு' என்றால் பேச்சு வழக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை விட்டுவிடலாம். 'கீப... இல்' என்றால் பிள்ளையிடம் குறை இல்லை, யாரோ அதற்கு ல் என்பதை 'இல்' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.